நிகழாதவற்றின் கணக்கு

விளையாட்டு உலகின் பெருமைகளில் பெரும்பாலானவை நிகழ்ந்தவற்றை எண்ணிப் பெறப்படுபவை. எடுத்த ஓட்டங்கள், வீழ்த்திய விக்கெட்டுகள், போட்ட கோல்கள் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிந்து, பதிவேட்டில் ஏறி, கூட்டிப் பார்க்கக் கிடைப்பவை. கோல்காப்பாளரின் பெருமை மட்டும் நடக்காமல் போனவற்றின் கூட்டுத்தொகையாக இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஒரு காப்பாளர் எதிரணிக்கு ஒரு கோலையும் கொடுக்காமல் ஆட்டம் முழுவதையும் காத்து முடித்தால் அதை ‘ஷட்அவுட்’ என்பார்கள். சுழிய ஆட்டம் என்று தமிழில் சொல்லலாம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1964 ஜனவரியிலிருந்து 2009 டிசம்பர் வரை, ஏறத்தாழ 46 ஆண்டுகள், சுழிய ஆட்டங்களின் பட்டியலில் முதலிடத்தில் நின்ற பெயர் டெர்ரி சாவ்சுக். கனடாவில் பிறந்த உக்ரேனிய வம்சாவளியினரான அவரைச் சக ஆட்டக்காரர்கள் ‘உக்ரேனியன்’ என்பதன் செல்லச் சுருக்கமான ‘யூக்கி’ என்றே அழைத்தனர். அவருடைய சுழிய ஆட்டங்கள் 103. அந்த எண்ணை முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், நிகழாமல் போன கோல்களுக்கு ஈடாக எங்கே, யாருடைய உடலில் என்ன நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐஸ் ஹாக்கியைப் பார்த்தறியாத வாசகருக்கு அந்தக் காப்பாளரின் நிலையைச் சற்று விளக்குவது நல்லது. உறைந்த தளத்தின் இரு முனைகளிலும் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட வலைக்கூடுகள் இருக்கும். ஆட்டக்காரர்கள் சறுக்குக் காலணியோடு விரைந்து, வளைந்த மட்டையால் ‘பக்’ எனப்படும் வட்டை அந்தக் கூட்டுக்குள் செலுத்த முயல்வார்கள். வட்டு என்றால் மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர். ஏறக்குறைய 160 கிராம் எடை கொண்டது. துள்ளிவிடாதிருக்க ஆட்டத்துக்கு முன்பே உறையவைக்கப்படுவது. ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரையும் எட்டக்கூடிய அந்தக் கல் போன்ற வட்டின் முன்னால், 1950களின் காப்பாளர்கள் முகத்தில் எந்த மறைப்பும் இல்லாமல் நின்றார்கள். லீக்கில் அப்போது ஆறே அணிகள். அணிக்கு ஒரே காப்பாளர்தான். மாற்றுக் காப்பாளரை இருக்கையில் தயாராக அமர்த்திவைக்கும் வழக்கம் 1960களின் நடுப்பகுதியில்தான் கட்டாயமாயிற்று. முகம் கிழிந்தால் ஆட்டம் நிறுத்தப்படும். மருத்துவர் தையல் போடுவார். அதே மனிதர் மறுபடியும் வந்து நிற்பார். உலகில் அந்த வேலை ஆறு பேருக்கு மட்டுமே இருந்தது என்பதால், காயம் என்று சொல்லி ஒரு நாள் ஒதுங்குவதற்கே அஞ்ச வேண்டிய நிலை. அந்த ஆறு பேரில் ஒருவரான கிளென் ஹால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் வாந்தியெடுத்துவிட்டே களமிறங்குவார் என்பது ஹாக்கி உலகம் முழுவதும் அறிந்த செய்தி.

சாவ்சுக்கின் தந்தை லூயிஸ் ஒரு தகரவேலைக்காரர். சிறுவனாக இருந்தபோதே கலீசியாவிலிருந்து கனடாவுக்கு வந்தவர். இன்றைய மேற்கு உக்ரைனின் பெரும்பகுதியை உள்ளடக்கிய கலீசியா அன்று ஆஸ்திரியப் பேரரசின் வறுமை மிகுந்த விளிம்பு மாகாணம். துண்டுதுண்டாகப் பிரிந்துபோன நிலத்தில் பிழைக்க வழியில்லாத உழவர்கள் 1891 முதல் கனடாவின் புல்வெளி மாகாணங்களுக்குக் கப்பலேறினர்; முதல் உலகப்போர் தொடங்குவதற்குள் சுமார் 1,70,000 பேர் அவ்வாறு வந்து சேர்ந்தனர். காடு திருத்தவும் கோதுமை விதைக்கவும் அவர்களை வரவேற்ற அதே அரசு, போர் வந்ததும், ஆஸ்திரியக் குடிமக்கள் என்ற காரணத்தைக் காட்டி அவர்களை எதிரி நாட்டவர் பட்டியலில் சேர்த்து, ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்தது. எங்கே நிமிர்ந்து நின்றால் யார் கண்ணில் படுவோமோ என்ற எச்சரிக்கை ஒரு தலைமுறைக்கு இதனால் பழகிப்போயிருக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் பெரிய மையமாக இருந்தது மானிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக். 1929 டிசம்பர் 28 அன்று சாவ்சுக் பிறந்ததும் அங்கேதான். வளர்ந்தது நகரின் கிழக்கு கில்டோனன் பகுதியில். சாவா என்ற ஆண்பெயரோடு, மகன் அல்லது வழித்தோன்றல் என்ற பொருள் தரும் ‘சுக்’ என்னும் விகுதி சேர்ந்தது அந்தக் குடும்பப்பெயர்.

இந்தப் புலம்பெயர் சமூகத்தின் பிள்ளைகள் ஹாக்கியில் எப்படி நிறைந்தார்கள் என்பது தனியாகவே எழுதப்பட வேண்டிய வரலாறு. 1952 மார்ச்சில் 21 நொடிகளுக்குள் மூன்று கோல் போட்ட பில் மொசியென்கோ வினிபெக்காரர். எட்மன்டனில் பிறந்த ஜானி பியூசிக், சஸ்காச்செவன் மாகாணத்து ஜானி பாவர் என்று அந்த வரிசை நீள்கிறது. உக்ரைன் மண்ணிலேயே ஹாக்கி வேரூன்றியது பின்னால்தான். கீவ் நகரின் சோகில் அணி 1985இல் சோவியத் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது, தனிநாடான உக்ரைன் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஆடியது. அதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே, வேறொரு நாட்டின் சட்டையை அணிந்த உக்ரேனியப் பெயர்கள் ஹாக்கியின் உச்சத்தில் இருந்தன. அவற்றில் கோல்வாயில் நின்ற பெயர்களே வலுவானவை.

சாவ்சுக் கோல்காப்பாளரானது தாமாகத் தேர்ந்தெடுத்து அன்று. அவருடைய அண்ணன் மைக் கோல்காப்பாளராக ஆடி வந்தவர். 17 வயதில் இதயக் கோளாறால் இறந்தார். தம்பிக்கு அப்போது 10 வயது. வேறோர் அண்ணன் அதற்கும் முன்பே செங்காய்ச்சலில் போயிருந்தான். மைக்கின் கால்காப்புகள் வீட்டில் இருந்தன. தம்பி அவற்றைக் கட்டிக்கொண்டான். முழங்காலுக்கு மேல்வரை நீண்ட, தோலால் தைத்து உள்ளே மயிர்த்திணிப்பு அடைத்த அந்தக் கனத்த கட்டைகளைப் பத்து வயதுக் கால்களில் வார்பூட்டிக்கொண்டு ஒருவன் உறைதளத்தில் நிற்பதை நினைத்துப் பார்க்கும்போது, அங்கே விளையாட்டின் மகிழ்ச்சியைவிட, காலியான ஓர் இடத்தை நிரப்பும் கடமையே முதலில் தெரிகிறது. இரண்டு ஆண்டு கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரக்பி விளையாட்டில் அவனுடைய வலது முழங்கை பெயர்ந்தது. வீட்டில் திட்டு விழும் என்று பயந்து அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டான். கவனிப்பில்லாமல் தானாகக் கூடிய எலும்பு கோணலாகக் கூடியது. வலது கை இடது கையைவிடக் குட்டையாயிற்று. முழுவதும் நீட்டவும் மடக்கவும் முடியாமல் போயிற்று. பின்னாளில் அந்த முழங்கையில் மூன்று அறுவைச் சிகிச்சைகள் செய்து ஏறக்குறைய 60 எலும்புத் துணுக்குகளை எடுக்க வேண்டியிருந்தது. மட்டையைப் பிடித்த கை அதுவே. தேசிய ஹாக்கி லீக்கின் மிகச்சிறந்த காப்பாளர் என்று பலர் கருதும் மனிதர், வாழ்நாள் முழுவதும் ஒரு கை முழுமையாக நீளாத நிலையில்தான் ஆடினார்.

தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஏறிய வேகம் வியக்கத்தக்கது. 1947-48இல் ஒமாஹா அணியிலும், அடுத்த பருவத்தில் இண்டியானாபொலிஸ் அணியிலும், 1950-51இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியிலும் ஆடி, மூன்று வெவ்வேறு லீக்குகளில் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். டெட்ராய்டில் அவருக்கு இடம் கிடைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 1950 ஜனவரியில் அங்கே காப்பாளராக இருந்த ஹாரி லம்லி காயம்பட்டபோது, சாவ்சுக் ஏழு ஆட்டங்கள் ஆடிக் காட்டினார். அந்த வசந்தத்தில் லம்லி அணிக்கு லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையையே வென்று தந்தார். ஆனாலும் கோடையில் அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டு, நிர்வாகம் இளையவருக்கு இடம் ஒழித்தது. கோப்பை வென்றவனையும் வெளியே அனுப்பும் இடம் அது என்பதை இருபது வயது இளைஞர் வேலையில் சேர்ந்த அன்றே கண்ணாரக் கண்டார்.

அவர் கொண்டுவந்த புதுமை அவர் நின்ற தோரணை. அதுவரை காப்பாளர்கள் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றார்கள். முகத்தை வட்டுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பது இயல்பான தற்காப்பு. சாவ்சுக் இடுப்பை மடித்து, முதுகை வளைத்து, தோள்களைத் தாழ்த்தி, முகம் ஏறத்தாழ முழங்காலுக்கு நேராக வரும் அளவுக்குக் குனிந்தார். கோல்வாயின் முன்னே ஆட்டக்காரர்கள் கூட்டமாக மோதும்போது, நிமிர்ந்து நிற்பவருக்கு முதுகுகளும் தோள்களும்தான் தெரியும். குனிந்தவருக்கோ கால்களின் இடைவெளிகளில் வட்டு தென்படும். எவ்வளவு எளிய கண்டுபிடிப்பு! ஆனால் வட்டு பறந்துவரும் உயரத்துக்கே மறைப்பற்ற முகத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் அதன் விலை. பார்வைக்காக முகத்தைப் பணயம் வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. முதுகெலும்பும் தன் பங்கைச் செலுத்தியது. ஆண்டுக்கணக்கில் அப்படியே குனிந்து நின்றதில் முதுகு நிலையாகவே வளைந்துபோய், இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்குவதே அரிதாயிற்று என்பர்.

1950 முதல் 1955 வரை, ஐந்து முழுப் பருவங்களில் அவர் காத்த கோல்வாயைப் போல் இன்னொன்று அந்தக் காலத்தில் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அவர் விட்ட கோல்களின் சராசரி ஓர் ஆட்டத்துக்கு இரண்டுக்கும் குறைவு. சுழிய ஆட்டங்கள் முறையே 11, 12, 9, 12, 12; ஆக 56. 1952ஆம் ஆண்டின் கோப்பைச் சுற்று இதன் சிகரம். அன்று கோப்பையை வெல்ல இரண்டு தொடர்களில் மொத்தம் எட்டு வெற்றிகள் தேவை. டெட்ராய்ட் மீன் கடைக்காரர்களான சகோதரர் இருவர் எட்டுக் கைகள் கொண்ட ஆக்டோபஸ் ஒன்றை அரங்கத்துக்குள் வீச, அந்த நகரத்தில் அது இன்றுவரை வழக்கமாக நிலைத்துவிட்டது. அணி எட்டு ஆட்டங்களிலும் வென்றது. எட்டிலும் சேர்த்து சாவ்சுக் விட்ட கோல்கள் ஐந்து. நான்கு ஆட்டங்கள் சுழியம். சொந்த அரங்கில் நடந்த நான்கில் ஒரு கோல்கூட நுழையவில்லை. மோரிஸ் ரிச்சர்டைப் போன்ற அடிப்பவர் இருந்த மான்ட்ரியால் அணியை இறுதித் தொடரில் இப்படி வெறுங்கையோடு அனுப்பியது சாதாரணச் செயலன்று.

அதே பருவத்தின் தொடக்கத்தில் வேறொன்றும் நடந்தது. உடல் பருத்துவிட்டது என்று கருதிய அணி மேலாளர் ஜாக் ஆடம்ஸ் எடையைக் குறைக்க உத்தரவிட, சாவ்சுக் 40 பவுண்டுக்கு மேல் இளைத்தார். அதன்பிறகு முன்பிருந்த கலகலப்பு போய், முகங்கொடுத்துப் பேசாதவராக, எளிதில் சினப்பவராக மாறினார் என்று அவரை அறிந்தவர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். எடை குறைந்ததும் மனம் சுருங்கியதும் ஒன்றன் விளைவு மற்றொன்று என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் தம் உடல் தமக்குரியதன்று, அதன் எடையைக்கூட வேறொருவர் முடிவு செய்வார் என்பதை அந்த உத்தரவு அவருக்குத் தெளிவாக்கியிருக்கும்.

1955இல் டெட்ராய்ட் மறுபடியும் கோப்பை வென்றது. சாவ்சுக்கின் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. கீழ்நிலை அணியில் கிளென் ஹால் தயாராகியிருந்தார் என்பதே காரணமாக, கோடையில் ஒன்பது ஆட்டக்காரர்கள் கைமாறிய ஒரு பெரிய பேரத்தில் சாவ்சுக்கை பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். லம்லிக்கு நேர்ந்தது ஐந்தே ஆண்டுகளில் அவருக்கும் நேர்ந்தது. பாஸ்டனில் இரண்டாம் பருவத்தின் நடுவே மோனோநியூக்ளியோசிஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பிடித்தது. உடலை மாதக்கணக்கில் சோர்ந்துபோகச் செய்யும் நோய் அது. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, முழுவதும் தேறாமலே அவர் களத்துக்குத் திரும்பினார். 1957 ஜனவரியில் நரம்பு தளர்ந்து, இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்நகரப் பத்திரிகைகள் ஓடிப்போனவர் என்று எழுதின. காய்ச்சலோடு நின்றவரை ஓடிப்போனவர் என்றது அநீதி. அதை மென்மையாகச் சொல்ல வேண்டிய தேவை இன்று இல்லை. அந்தக் கோடையில் டெட்ராய்ட் அவரை மறுபடியும் வாங்கிக்கொண்டு, ஈடாக இளைஞர் ஜானி பியூசிக்கைக் கொடுத்தது. ஓர் உக்ரேனியப் பெயரைக் கொடுத்து மற்றோர் உக்ரேனியப் பெயரை வாங்கிய அந்தப் பேரத்தால் பாஸ்டனுக்குத்தான் பெரும் ஆதாயம். பியூசிக் அங்கே 21 பருவங்கள் ஆடி இரண்டு கோப்பைகள் வென்றார்.

முகக்கவசத்தின் வரலாறு இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், மூக்கு கிழிந்து தையல் போட்டுக்கொண்ட மான்ட்ரியால் காப்பாளர் ஜாக் பிளான்ட், கண்ணாடியிழைக் கவசம் அணியாமல் திரும்ப ஆடமாட்டேன் என்று நின்று, அதை அணிந்தே ஆடினார். அதற்கு முன்னும் ஓரிருவர் முயன்றதுண்டு. விடாமல் அணிந்து அதை வழக்கமாக்கியவர் பிளான்ட். கவசம் போட்டால் கீழே விழும் வட்டு தெரியாது என்பதும், ஆண்மைக்குக் குறைவு என்பதும் அன்றைய எதிர்வாதங்கள். சாவ்சுக் 1962 வரை வெறும் முகத்தோடுதான் நின்றார். பிறகு டெட்ராய்ட் அணியின் உதவிப் பயிற்றுநர் லெஃப்டி வில்சன் செய்துகொடுத்த கவசத்தை அணிந்தார். வெளிறிய ஓடு, கண்களுக்கு இரண்டு துளைகள், மூச்சுக்குச் சில பிளவுகள், முகத்தோடு ஒட்டி வார்ப்பட்டையால் கட்டப்பட்டது. வண்ணமோ சித்திரமோ இல்லாத அந்த முகமூடி பார்ப்பவருக்கு மண்டையோட்டை நினைவூட்டும். அதற்குள் மறைந்த முகத்தில் அதுவரை போடப்பட்டிருந்த தையல்கள் ஏறக்குறைய 400.

அந்த எண்ணுக்கு உருவம் கொடுத்தது ஒரு புகைப்படம். 1966 மார்ச்சில் ‘லைஃப்’ இதழ் சாவ்சுக்கின் முகத்தைப் பெரிதாக வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் ஆறிப்போன காயங்கள் படத்தில் தெரியாது என்பதால், ஒப்பனைக் கலைஞர் ஒருவர் மருத்துவரின் துணையோடு ஒவ்வொரு வடுவின் மேலும் தையலை மறுபடியும் வரைந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை, புருவத்தைக் குறுக்கே வெட்டி, மூக்கின் மேலேறி, உதட்டைப் பிளந்து, கரிய நூல்முடிச்சுகள் வரிசைவரிசையாக ஓடுகின்றன. அவை எல்லாம் ஒரே நாளில் விழுந்தவை போல் தெரிகின்றன. பதினாறு ஆண்டுகள் ஒரே முகத்தில் ஒரே கணத்தில் குவிந்திருக்கின்றன. பார்ப்பவரை அலைக்கழிப்பவை வடுக்களைவிட அந்தக் கண்கள்தாம். வலியைக் காட்டிப் பரிவு கேட்கும் கண்கள் அல்ல. வீரம் பேசும் கண்களும் அல்ல. வேலை முடிந்து களைத்து அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்கள். ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை வரலாறாக அந்தப் படத்துக்கு இணையான பதிவு விளையாட்டு இதழியலில் மிகச் சிலவே இருக்கக்கூடும். முகத்தில் வரைய இயன்றவை மட்டுமே அதில் இருந்தன. அறுபட்ட கைத்தசைநாண்கள், துளைபட்ட நுரையீரல், பிதுங்கிய முதுகுத்தட்டுகள், உடைந்த பாதம், வெடித்த குடல்வால் ஆகியவற்றை எந்த ஒப்பனையாலும் காட்ட முடியவில்லை.

அந்தப் படம் வெளிவந்தபோது அவர் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் இருந்தார். 1964 ஜனவரியில், அதுவரை ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த்திடம் இருந்த 94 சுழிய ஆட்டங்கள் என்ற சாதனையை மான்ட்ரியாலுக்கு எதிராக அவர் முறியடித்திருந்தார். அதே ஆண்டின் கோடையில், டெட்ராய்ட் பாதுகாத்துக்கொள்ளாத ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்க, டொரன்டோ எடுத்துக்கொண்டது. அங்கே ஏற்கெனவே இருந்த காப்பாளர் ஜானி பாவர். பாவரின் பிறப்புப் பெயர் ஜான் கிஷ்கன். அவரும் உக்ரேனிய வம்சாவளி. தொழிலுக்கு வந்தபின் அவர் ஆங்கிலக் காதுக்கு இசைவான பெயரொன்றை ஏற்றுக்கொண்டார். சாவ்சுக் தம் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். இரண்டில் எது துணிவு, எது பணிவு என்று தீர்ப்புச் சொல்வது வெளியிலிருப்பவரின் வேலை அன்று. எப்படியாயினும், ஒரே பிழைப்பைத் தேடிப் புறப்பட்ட இரு குடும்பங்களின் பிள்ளைகள், ஒருவர் 40ஐ எட்டியவர், மற்றவர் 35ஐ நெருங்கியவர், ஒரே கோல்வாயைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1964-65 பருவத்தில் அந்த இருவரும் சேர்ந்தே மிகக் குறைவான கோல்களை விட்டனர். அத்தகைய அணியின் காப்பாளருக்கு அன்று வழங்கப்பட்ட வெஸினா கோப்பை விதிப்படி அதிக ஆட்டங்கள் ஆடியவருக்கே உரியதாக இருந்தது. சாவ்சுக் 36 ஆட்டங்களும் பாவர் 34 ஆட்டங்களும் ஆடியிருந்தனர். பாவரின் பெயரும் சேராவிட்டால் தமக்கு அது வேண்டாம் என்று சாவ்சுக் நின்றார். அந்தக் கோப்பையில் இரண்டு பெயர்கள் சேர்ந்து பொறிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சிடுசிடுப்பானவர், யாரிடமும் ஒட்டாதவர் என்றே எல்லோராலும் நினைவுகூரப்படும் மனிதரைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு செயலை விட்டுவிடக்கூடாது.

1966இல் முதுகெலும்பில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் டொரன்டோவில் இன்னொரு பருவம் ஆடினார். 1967 மார்ச் 4 அன்று சிகாகோவுக்கு எதிராக, தேசிய ஹாக்கி லீக்கில் எவரும் தொட்டிராத நூறாவது சுழிய ஆட்டத்தை முடித்தார். அடுத்த மாதம் கோப்பைச் சுற்றின் அரையிறுதியில் அதே சிகாகோ. இரு அணிகளும் தலா இரண்டு ஆட்டங்கள் வென்றிருந்த நிலையில், ஏப்ரல் 15 அன்று நடந்த ஐந்தாம் ஆட்டத்தைப் பாவர் தொடங்கினார். முதல் பகுதிக்குப் பின் சாவ்சுக் உள்ளே வந்தார். வந்த சிறிது நேரத்திலேயே, அந்தக் காலத்தின் மிக வலிய அடிப்பவரான பாபி ஹல் பக்கவாட்டிலிருந்து ஓங்கி விட்ட வட்டு அவருடைய தோளில் பாய்ந்தது. மனிதர் சரிந்தார். பனியின்மேல் அசையாமல் கிடந்தவரிடம் பயிற்றுநர் ஓடிவந்து விசாரித்தார். சற்றுப் பொறுத்து அவர் முழங்காலில் ஊன்றி எழுந்து, அதே கூனிய நிலையில் மறுபடியும் கோல்வாயில் நின்றார். அந்த இரண்டு பகுதிகளில் அவரை நோக்கி வந்த 37 அடிகளில் ஒன்றும் உள்ளே போகவில்லை. டொரன்டோ 4-2 என்று வென்றது. முழு ஆட்டத்தையும் அவர் காக்காததால் அது சுழிய ஆட்டக் கணக்கில் வராது. 103இல் சேராத அந்த நாற்பது நிமிடங்களே அவருடைய மிகச்சிறந்த ஆட்டம் என்று கருதுவோர் பலர். அந்தக் கருத்தே சரியாகத் தோன்றுகிறது. மே 2 அன்று இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் அவர் 40 அடிகளைத் தடுக்க, டொரன்டோ மான்ட்ரியாலை 3-1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் அந்த நகரத்துக்கு ஸ்டான்லி கோப்பை வரவில்லை. அடுத்த மாதமே லீக் விரிவாக்கப்பட்டபோது, புதிய லாஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

களத்துக்கு வெளியிலான வாழ்க்கையை அழகுபடுத்துவதற்கில்லை. 1953இல் பட்ரிசியா மோரியை மணந்த அவருக்கு ஏழு பிள்ளைகள். குடிப்பழக்கம் ஆண்டுக்காண்டு கூடியது. வீட்டில் அவர் கை நீளும் என்பதும், மனைவியும் பிள்ளைகளும் அச்சத்தில் வாழ்ந்தார்கள் என்பதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் மறைக்காத உண்மைகள். 1969இல் மணமுறிவு ஏற்பட்டது. உடல் பட்ட வேதனையை இதற்குச் சமாதானமாகச் சொல்லும் பேச்சு உண்டு. அதை ஏற்க முடியாது. அதே வட்டுக்கு முகம் கொடுத்து நின்ற மற்றவர்கள் வீட்டில் கையோங்காமலும் இருந்திருக்கிறார்கள். வலியைச் சொல்வதே பலவீனம் என்று பழக்கப்பட்ட ஒருவருக்கு அதை இறக்கிவைக்க இடமில்லாமல் போயிற்று என்பது வரை புரிகிறது. ஆனால் அது யார்மேல் இறங்கியது என்று பார்க்கும்போது, புரிந்துகொள்வது மன்னிப்பாகிவிடவில்லை. ஒரு கோலும் விடாத இரவுகளின் எண்ணிக்கையில் அந்த வீட்டின் இரவுகளுக்கு இடமில்லை.

1969-70இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் அவர் சில ஆட்டங்களே ஆடினார்; 1970 பிப்ரவரி 1 அன்று பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 103ஆவது சுழிய ஆட்டம் அமைந்தது. பருவம் முடிந்ததும் ஏப்ரல் 29 அன்று, லாங் ஐலண்டில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைக் காலி செய்வது பற்றியும் செலவுக் கணக்கு பற்றியும் உடன் தங்கியிருந்த சக ஆட்டக்காரரோடு எழுந்த வாக்குவாதம் தள்ளுமுள்ளாயிற்று. விழுந்ததில் வயிற்றினுள் காயம். பித்தப்பையை நீக்க வேண்டியிருந்தது. கல்லீரலில் குருதிக்கசிவு நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. மே 31 அன்று நுரையீரல் நாளத்தில் குருதிக்கட்டி அடைத்து இறந்தபோது அவருக்கு வயது 40. வழக்கை விசாரித்த நடுவர் குழு அதை விபத்து என்று முடிவு செய்தது. வழக்கமான காத்திருப்புக் காலத்தை விலக்கி, மறு ஆண்டே ஹாக்கியின் புகழரங்கில் அவரைச் சேர்த்தார்கள். 2009 டிசம்பர் 21 அன்று மார்ட்டின் ப்ரோடர் 104ஆவது சுழிய ஆட்டத்தை முடித்து அவரைக் கடந்தார். அதுவும் பிட்ஸ்பர்க்குக்கு எதிராகத்தான்.

மருத்துவமனையில் கிடந்த அந்த மாதத்தில் சாவ்சுக்கை விசாரித்தவர்கள் பலர். அவர் யார்மேலும் பழி சொல்லவில்லை. தாமே வாக்குவாதத்தைத் தொடங்கியதாகவும், தாமாகவே விழுந்ததாகவும் சொன்னார். பன்னிரண்டு வயதில் பெயர்ந்த முழங்கையைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த சிறுவனுக்கும் அந்தப் படுக்கையில் கிடந்தவருக்கும் இடையே 971 ஆட்டங்கள் இருந்தன.